பேட்டரியைக் கடைசியா வாங்குங்க

"லித்தியம் பேட்டரி ஆர்டர் போட்டாச்சு. பழசைக் கழட்டிட்டு அதே இடத்துல வெச்சா வேலை முடிஞ்சுதுல்ல?"

இங்கிலாந்துல கேம்பர்வேன் வெச்சிருக்கற நம்ம ஆளுங்ககிட்டேர்ந்து இந்தக் கேள்வி அடிக்கடி வருது. வரும்போதெல்லாம் எனக்குப் பதறுது.

விக்கறவங்க அப்படித்தான் சொல்றாங்க. அதே அளவு பெட்டி, அதே ரெண்டு முனை, மாத்தி வெச்சா ஓடும்னு. ஓடும்தான். எத்தனை வருஷம் ஓடும், அது ஓடறப்போ வண்டியோட ஆல்டர்நேட்டர் என்ன கதிக்கு ஆளாகும்னு மட்டும் யாரும் வாயைத் திறக்கறதில்லை.

அதனால என் வேனை லித்தியத்துக்கு மாத்தின கதையை முழுசா எழுதிடறேன். அவசரத்துல இருக்கறவங்களுக்கு ஒரே வரி: பேட்டரியைக் கடைசியா வாங்குங்க. அதை எது சார்ஜ் பண்ணப்போகுதுங்கறதை முதல்ல பாருங்க.

(கேம்பர்வேன் பழக்கமில்லாதவங்களுக்கு: வண்டியில ரெண்டு பேட்டரி இருக்கும். ஒண்ணு என்ஜினை ஸ்டார்ட் பண்ண. இன்னொண்ணு நாம உள்ள குடித்தனம் நடத்த. ஃபிரிட்ஜ், லைட், ஹீட்டர், தண்ணி பம்ப், போன் எல்லாம் இதுலதான் ஓடும். இந்த ரெண்டாவதுக்கு இங்க லெஷர் பேட்டரின்னு பேரு. என்ஜின் ஓடறப்போ கரண்ட் தயாரிச்சு சார்ஜ் பண்றது ஆல்டர்நேட்டர்.)

நம்ம வண்டி 2017 ஃபோக்ஸ்வேகன் டிரான்ஸ்போர்ட்டர் டி6. சரக்கு வேனா இருந்ததுக்கு ஜன்னல், கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ் எல்லாம் வெச்சு வீடாக்கினது. டிரைவர் சீட்டுக்கு அடியில 110 ஏஹெச் (ஆம்பியர் மணி) ஏஜிஎம் பேட்டரி. ஏஜிஎம்னா வேற ஒண்ணுமில்லை, ஈயப் பேட்டரியோட நல்ல குடும்பத்துப் பிள்ளை. 1859ல பிரான்ஸ்ல கஸ்தோன் பிளாந்தே செஞ்சு காட்டின அதே ஈயமும் கந்தக அமிலமும்தான் உள்ள.

110 ஏஹெச்னு மேல எழுதியிருக்கும். ஆனா ஈயப் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினா அதோட ஆயுசு மடமடன்னு குறையும். ஆக நம்ம கைக்கு வர்றது 55.

இப்போ செலவைப் பாருங்க.

கம்ப்ரசர் ஃபிரிட்ஜ், கோடைக்காலத்துல ஒரு நாளைக்கு 35லேர்ந்து 40 ஏஹெச்.

டீசல் ஹீட்டர் ராத்திரி ஓடினா 10 பக்கம்.

லைட், பம்ப், போன், லேப்டாப்னு இன்னொரு 10.

ஒரே நாள்ல கணக்கு சரியாப்போச்சு. மறுநாள் வண்டியை எங்கேயாவது ஓட்டணும், இல்லைன்னா கேம்ப்சைட்டோட நீலக்கலர் பிளக்ல காசு குடுத்துச் சொருகணும்.

அதுவும் பேட்டரி கொஞ்சம் வயசானதும் இன்னொரு தொந்தரவு ஆரம்பிச்சுது. டீசல் ஹீட்டர் ஸ்டார்ட் ஆகறப்போ உள்ள ஒரு குளோ பிளக் பழுக்கக் காயணும். அந்தக் கொஞ்ச நிமிஷத்துக்கு 8லேர்ந்து 10 ஆம்பியர் இழுக்கும். ராத்திரியெல்லாம் ஃபிரிட்ஜ் ஓட்டிக் களைச்சுப்போன ஈயப் பேட்டரியில விடிகாலைக் குளிர்ல அவ்வளவு கேட்டா வோல்டேஜ் தொபுக்குன்னு விழும். ஹீட்டர் எரர் காட்டிட்டு அணைஞ்சுடும். மார்ச் மாசக் குளிர்ல குழந்தை போர்வைக்குள்ள சுருண்டு கிடக்கு, ஹீட்டர் வரலை.

அன்னிக்கு முடிவு பண்ணேன், லித்தியம்தான்னு.

பார்த்துவெச்சிருந்த பேட்டரியோட படத்தை, ஹாரோவுல எலெக்ட்ரீஷியனா இருக்கற யாழ்ப்பாணத்து அண்ணா ஒருத்தருக்கு அனுப்பினேன். (அவரும் வேன்காரர்தான்.) உடனே போன் பண்ணினார்.

"தம்பி, பற்றரியைப் பிறகு பாப்பம். உங்கட வானில அல்டர்நேட்டர் என்ன செய்யுது எண்டு அளந்து பாத்தனீங்களோ?"

"இல்லைங்கண்ணா."

"அப்ப முதல் அதை அளவுங்கோ. அளந்துபோட்டுச் சொல்லுங்கோ."

அளந்தேன். இந்த மொத்த வேலையிலயும் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான்.

ஸ்டார்ட்டர் பேட்டரி முனையிலேர்ந்து வயர் எடுத்து மல்ட்டிமீட்டரை முன்சீட்டுல வெச்சுக்கிட்டோம். பக்கத்துல மக. எம்40 நெடுஞ்சாலையில ஆக்ஸ்ஃபோர்டு பக்கமா கிளம்பினோம். நம்பரை வாசிக்கறது அவ வேலை.

ஸ்டோக்கன்சர்ச் மேடு ஏறுறோம். "அப்பா, பன்னெண்டு புள்ளி நாலு!"

மேடு முடிஞ்சு சில்டர்ன் மலையை வெட்டின அந்தப் பெரிய இறக்கம் வருது. ஆக்சிலரேட்டர்லேர்ந்து காலை எடுத்தேன். "பதினாலு புள்ளி எட்டு! அப்பா, பதினஞ்சு ஆகப்போகுது!"

கீழே வந்து சமவெளியில ஒரே வேகம் பிடிச்சதும் மறுபடி பன்னெண்டரை.

இதுக்குத்தான் ஸ்மார்ட் ஆல்டர்நேட்டர்னு பேரு. யூரோ 6 புகை விதி வந்ததுக்கு அப்புறம் வந்த வேன்கள்ல ரொம்ப சகஜம். பழைய வண்டியில என்ஜின் ஓடினா ஆல்டர்நேட்டர் பதினாலு சொச்சம் குடுத்துக்கிட்டே இருக்கும். புது வண்டியில என்ஜின் கம்ப்யூட்டர் கணக்குப் பண்ணுது. மேடு ஏறும்போது ஆல்டர்நேட்டரைச் சுத்த டீசல் செலவு எதுக்குன்னு அடக்கிவைக்கும். இறக்கத்துல வண்டி தானே உருளறப்போ, இலவசமா வர்ற சக்தியை வாரி பேட்டரியில போடும். டீசல் மிச்சம், புகை குறைவு. அருமையான யோசனை.

ஸ்டார்ட்டர் பேட்டரிக்கு அருமை. லெஷர் பேட்டரிக்கு? சமவெளியில மணிக்கணக்கா ஓட்டினாலும் பன்னெண்டரை வோல்ட்தான். லித்தியம் அதுல சார்ஜே ஆகாது. சும்மா வெச்சிருந்தாலே அது பதிமூணு சொச்சத்துல நிக்கற ஜாதி.

இன்னொரு சிக்கலும் இருக்கு. பழைய பாணி வேன்ல ரெண்டு பேட்டரிக்கும் நடுவுல ஒரு ரிலே இருக்கும். வோல்டேஜ் 13.3 பக்கம் ஏறினா ரெண்டையும் சேர்த்துவிடும், 12.8 பக்கம் இறங்கினா பிரிச்சுவிடும். ஈயப் பேட்டரிக்கு இது சரி. என்ஜினை அணைச்சதும் வோல்டேஜ் 12.7க்கு வந்துடும், ரிலே பிரிஞ்சுடும்.

லித்தியம் அப்படி இறங்காது. என்ஜின் அணைஞ்சப்புறமும் பதிமூணுக்கு மேலேயே நிக்கும். ரிலேயைப் பொறுத்தவரைக்கும் என்ஜின் இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு. லித்தியம் கிட்டத்தட்ட காலியாகற வரைக்கும் ரெண்டு பேட்டரியும் ஒட்டிக்கிட்டே இருக்கும். நீங்க ஃபிரிட்ஜுக்குன்னு வாங்கின சக்தி ஸ்டார்ட்டர் பேட்டரிக்கும் வண்டியோட மத்த சமாச்சாரங்களுக்கும் போயிக்கிட்டே இருக்கும்.

மூணாவதுதான் எனக்கு நிஜமான பயம். லித்தியத்துக்கு உள்தடை ரொம்பக் குறைவு. குடுத்தா குடுத்ததை எல்லாம் வாங்கிக்கும், போதும்னு சொல்லாது. ஆல்டர்நேட்டர் தன் முழுப் பலத்தையும் விடாம கொடுத்துக்கிட்டே இருக்கணும். வண்டி நின்னுக்கிட்டு என்ஜின் மட்டும் ஓடுற நேரத்துல ஆல்டர்நேட்டரோட விசிறி மெதுவாத்தான் சுத்தும், காத்து பத்தாது, சூடு ஏறும். புகைஞ்சுபோன ஆல்டர்நேட்டர்கள் நிஜமாவே உண்டு.

அந்த நேரம் பார்த்து பேட்டரிக்குள்ள இருக்கற பிஎம்எஸ் (செல்களைக் காவல் காக்கற சர்க்யூட்) "நிறைஞ்சுடுச்சு"ன்னு பட்டுன்னு துண்டிச்சா, போறதுக்கு இடமில்லாத கரண்ட்டால வோல்டேஜ் ஒரு கணம் எகிறும். ஆல்டர்நேட்டர் டயோடு போயிடலாம்.

மூணுக்கும் மருந்து ஒண்ணுதான். டிசி டிசி சார்ஜர். இங்க வேன்காரங்க பி டு பின்னு கூப்பிடுவாங்க, பேட்டரியிலேர்ந்து பேட்டரிக்குங்கற அர்த்தத்துல. ஆல்டர்நேட்டர் பன்னெண்டரை குடுத்தாலும் பதினஞ்சு குடுத்தாலும், இது அந்தப் பக்கம் லித்தியத்துக்குப் பிடிச்ச 14.2 வோல்ட்டா மாத்திக் குடுக்கும். 30 ஆம்பியர்னா பேட்டரிக்கு 30 ஆம்பியர்தான் போகும், ஆல்டர்நேட்டரை அளவில்லாம பிழியவிடாது. என்ஜின் நின்னா தானே நின்னுடும்.

நான் போட்டது நெதர்லாந்துக் கம்பெனி விக்ட்ரானோட ஓரியன் ஸ்மார்ட், 30 ஆம்பியர். ஸ்டெர்லிங், ரெனோஜி, ரெடார்க்னு வேற நல்ல பெயர்களும் இருக்கு. எதை வேணா வாங்குங்க. லித்தியத்துக்குன்னு தனி செட்டிங் இருக்கா, ஸ்மார்ட் ஆல்டர்நேட்டருக்கு ஒத்துவருமான்னு மட்டும் பாருங்க.

மாட்டினதுல சில குறிப்பு:

ஸ்டார்ட்டர் பேட்டரியிலேர்ந்து சீட்டுக்கு அடி வரைக்கும் 16 சதுர மில்லிமீட்டர் கேபிள். ரெண்டு முனையிலயும் பேட்டரிக்குப் பக்கத்துலயே ஃபியூஸ். (ரெண்டு பக்கமும் பேட்டரி இருக்கறதால, கேபிள் நடுவுல எங்கே உரசினாலும் ரெண்டு பக்கத்திலேர்ந்தும் நெருப்பு வரலாம். ஒரு ஃபியூஸ் பத்தாது.)

மைனஸை ஸ்டார்ட்டர் பேட்டரி முனையில மாட்டாதீங்க. அங்க ஒரு சின்ன சென்சார் உட்கார்ந்திருக்கும். கரண்ட் அதைச் சுத்திப்போச்சுன்னா என்ஜின் கம்ப்யூட்டரோட கணக்கு தப்பும். பாடியில இருக்கற எர்த் போல்ட்டுல மாட்டணும்.

என்ஜின் ஓடுதாங்கறதை வோல்டேஜை வெச்சுக் கண்டுபிடிக்கச் சொன்னா, ஸ்மார்ட் ஆல்டர்நேட்டர் வண்டியில சார்ஜர் குழம்பும். இக்னிஷன்லேர்ந்து ஒரு வயர் இழுத்துக் குடுங்க. நான் ரெண்டு விதமாவும் வெச்சுப் பார்த்தேன். வயர் இல்லாம ஓட்டினப்போ சமவெளியில சார்ஜர் அணைஞ்சு அணைஞ்சு எழுந்துது. வயர் குடுத்தப்புறம் அசையலை.

லித்தியம் பேட்டரியோட மெயின் ஃபியூஸுல கஞ்சத்தனம் வேண்டாம். ஷார்ட் ஆனா ஆயிரக்கணக்குல ஆம்பியர் பாயும். மலிவு ஃபியூஸ் உருகினாலும் நடுவுல தீப்பொறி தொடர்ந்து பாயலாம். அந்த வேகத்தை அறுக்கற சக்தி உள்ள கிளாஸ் டி ஃபியூஸ் போட்டேன்.

இதெல்லாம் ஆனப்புறம்தான் பேட்டரி ஆர்டர் போட்டேன். 100 ஏஹெச், லித்தியம் அயர்ன் ஃபாஸ்ஃபேட்.

இந்த இடத்துல ஒரு கிளைக்கதை. சொல்லாம இருக்க முடியலை.

லித்தியம்னதும் "போன் வெடிச்ச மாதிரி வெடிக்காதா?"ன்னு ஊர்ல கேக்கறாங்க. போன்ல இருக்கறது பெரும்பாலும் கோபால்ட் ஆக்ஸைடு வகை. 1980ல ஜான் குடினஃப் குழு ஆக்ஸ்ஃபோர்டுல கண்டுபிடிச்சது. அளவுக்கு மீறிச் சூடானா அது ஆக்சிஜனைக் கக்கும், தீக்கு அதுவே தீனி. வேன் பேட்டரியில இருக்கறது இரும்பு ஃபாஸ்ஃபேட். அதுல ஆக்சிஜனை ஃபாஸ்பரஸ் இறுக்கிப் பிடிச்சிருக்கும், லேசுல விடாது. நாம படுத்துத் தூங்கற இடத்துக்கு அடியில வைக்க இதுதான் சரி.

இந்த இரும்பு ஃபாஸ்ஃபேட் 1997ல டெக்சாஸ் பல்கலைக்கழகத்துல குடினஃப் குழுவிலேர்ந்து வந்துது. அதுக்கு வழி திறந்துவிட்டது, எண்பதுகளோட கடைசியில குடினஃபும் நம்ம ஊர் ஆறுமுகம் மந்திரமும் சேர்ந்து சல்ஃபேட் மாதிரி கூட்டு அயனிகளை வெச்சுப் பண்ணின ஆராய்ச்சி. மந்திரம் தென் தமிழ்நாட்டுல அமரபுரங்கற கிராமத்துல பிறந்தவர். மதுரையில பட்டம், ஐஐடி மெட்ராஸ்ல முனைவர் பட்டம், அப்புறம் ஆக்ஸ்ஃபோர்டு, டெக்சாஸ். 2019ல குடினஃபுக்கு 97 வயசுல நோபல் கிடைச்சப்போ, ஸ்டாக்ஹோம்ல அவர் சார்பா நோபல் உரையை வாசிச்சவர் மந்திரம்தான்.

எங்க வண்டி சீட்டுக்கு அடியில அந்தக் கதை இருக்குங்கறதுல எனக்கு அவ்வளவு பெருமை. மகளுக்கும் சொல்லியிருக்கேன்.

சரி, பெட்டி வந்துது. பழசு 30 கிலோ பக்கம். புதுசு 11 கிலோ. ஒத்தைக் கையால தூக்கி வெச்சேன். எடை வரம்பை ஒட்டி ஓடுற வண்டிக்கு இதுவே பெரிய லாபம்.

இப்போ வித்தியாசம்.

100ல 90 வரைக்கும் பயமில்லாம எடுக்கலாம். முன்னாடி ஒரு நாளுக்கு இழுபறியா இருந்தது இப்போ ஒண்ணரை நாளுக்குத் தாராளமா வருது.

சார்ஜ் ஆகற வேகம் அதைவிட முக்கியம். ஈயப் பேட்டரி எண்பது சதவீதம் வரைக்கும் மளமளன்னு ஏறும். மிச்ச இருபது, நெரிசல் பஸ்ல கடைசி ஆளுங்க ஏறுற கதை, நேரம் போயிக்கிட்டே இருக்கும். லித்தியம் கிட்டத்தட்ட கடைசி வரைக்கும் முழு வேகத்துல வாங்கிக்கும். ரெண்டு மணி நேரம் ஓட்டினா 60 ஏஹெச்சை ஒட்டி உள்ள போயிடுது. நம்ம ஒரு நாள் செலவு, ஒரு சின்ன டிரைவ்ல வசூல்.

அடுத்தது மிக்ஸி!

ஊர்லேர்ந்து கொண்டுவந்த 550 வாட் மிக்ஸி. இன்வெர்ட்டர் வழியா பேட்டரியிலேர்ந்து 48 ஆம்பியர் கிட்ட இழுக்கும். ஈயப் பேட்டரியில கரண்ட் கூடக் கூட அதோட கொள்ளளவே சுருங்கும். (பாய்கெர்ட்டுங்கற ஜெர்மன்காரர் 1897லயே இதுக்குக் கணக்கு எழுதிவெச்சுட்டார்.) அதனால முன்னாடி மிக்ஸியைத் தட்டினதுமே வோல்டேஜ் விழுந்து இன்வெர்ட்டர் கீகீன்னு கத்தும். இப்போ ஒரு முனகல்கூட இல்லை. ரெண்டு நிமிஷம் அரைச்சா ஒண்ணரை ஏஹெச் செலவு. ஸ்காட்லாந்து ஏவிமோர்ல பைன் மரத்தடியில, கரண்ட் கனெக்‌ஷனே இல்லாம, தேங்காய்ச் சட்னி. சின்ன ரைஸ் குக்கர்ல ஒரு வேளைச் சோறு 15 ஏஹெச் பக்கம். தாங்குது.

சந்தோஷத்தோட ரெண்டு எச்சரிக்கையும்.

ஒண்ணு, வோல்டேஜைப் பார்த்து சார்ஜ் எவ்வளவுன்னு கண்டுபிடிக்கற பழக்கத்தை விடணும். ஈயத்துல 12.7ன்னா நிறைவு, 12.2ன்னா பாதின்னு ஒரு குத்துமதிப்பு இருந்துது. லித்தியம் முக்கால் சார்ஜ்ல 13.2, கால் சார்ஜ்லயும் 13 சொச்சம். திடீர்னு கடைசியில சரிஞ்சுடும். மைனஸ் கேபிள்ல ஒரு ஷன்ட் போட்டு, போறது வர்றதை எண்ணிக்கிட்டே இருந்தாத்தான் உண்மை தெரியும்.

ரெண்டாவது, குளிர். ஜீரோ டிகிரிக்குக் கீழே லித்தியத்தை சார்ஜ் பண்ணக் கூடாது. அந்தக் குளிர்ல லித்தியம் கிராஃபைட்டுக்குள்ள போக முடியாம மேல்பரப்புலயே உலோகமாப் படிஞ்சுடும். படிஞ்சது திரும்பாது. வளர்ந்தா உள்ளேயே ஷார்ட் ஆகலாம். எடுத்துச் செலவு பண்றது மைனஸ் 20 வரைக்கும்கூடப் பரவாயில்லை, உள்ள போடறதுதான் ஆபத்து. கடையில முதல் கேள்வியே இதுவா இருக்கட்டும்: "குளிர்ல சார்ஜை நிறுத்தற பாதுகாப்பு பிஎம்எஸ்ல இருக்கா?" இல்லைன்னா, என்ன விலைக்குக் குடுத்தாலும் வேண்டாம். எங்களுது சீட்டுக்கு அடியில, வீட்டுக்குள்ள இருக்கற மாதிரி. ஏவிமோர் காலையில பேட்டரியோட ஆப்ல செல் சூடு ரெண்டு டிகிரி காட்டுச்சு. ஹீட்டரைப் போட்டுக் காப்பி குடிச்சு முடிக்கறதுக்குள்ள மேல ஏறிடுச்சு, அப்புறம்தான் கிளம்பினோம்.

சோலார் இருக்கறவங்க கன்ட்ரோலர்ல ஈக்வலைசேஷனையும், வெப்பநிலைக்குத் தக்க வோல்டேஜ் ஏத்தறதையும் அணைச்சுடுங்க. ரெண்டுமே ஈயத்துக்காக வெச்சது. கேம்ப்சைட் கரண்ட்டுல ஓடுற உள்சார்ஜரையும் பாருங்க. லித்தியம் செட்டிங் இல்லைன்னா மாத்தணும். வண்டியில பண்ணின மாற்றத்தை இன்ஷூரன்ஸ்காரங்ககிட்ட சொல்லிடுங்க.

எல்லாருக்கும் இது தேவையா? எப்பவும் நீலப் பிளக் இருக்கற கேம்ப்சைட்டுக்கே போறவங்க, கோடையில சனி ஞாயிறு மட்டும் கிளம்பறவங்க, நல்ல ஏஜிஎம் வெச்சிருந்தா அதையே ஓட்டுங்க. காசை டீசலுக்கு வெச்சுக்கலாம். ரெண்டு மூணு நாள் ஒரே இடத்துல கரண்ட் இல்லாம தங்கணும், குளிர்காலத்துலயும் போகணும்னு ஆசைப்படறவங்களுக்கு இதைவிட நல்ல செலவு கிடையாது. ஒரு காலத்துல 800, 900 பவுண்டு சொன்ன 100 ஏஹெச் பேட்டரி இப்போ 300க்குள்ளேயே கிடைக்குது. அந்த மிச்சம் பி டு பிக்கும் ஃபியூஸுக்கும் கேபிளுக்கும் போகட்டும்.

குளிர்காலம் பூரா வண்டியை நிறுத்திவைக்கறவங்க பழக்கத்தை அப்படியே திருப்பிப் போடணும். ஈயத்தை முழுசா நிரப்பி வெப்போம். லித்தியத்தை பாதி சார்ஜ்ல விட்டு, எல்லா லோடையும் கழட்டிட்டுப் போங்க. வசந்தத்துல வந்ததும் ஒருதரம் முழுசா ஏத்துங்க, செல்கள் ஒண்ணுக்கொண்ணு சமமாகும்.

யாராவது ஆர்டர் பட்டனைத் தட்டப்போறீங்கன்னா, அதுக்கு முன்னாடி வண்டி எந்த வருஷம், இப்போ ரிலேயா சார்ஜரா, கேம்ப்சைட் சார்ஜரோட பேர் என்ன, இந்த மூணையும் எழுதி அனுப்புங்க. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். தெரியாததுக்கு அண்ணா இருக்கார்.